என் எலும்பும் அவர்கள் எல்லையும்

முதலில் வந்தது வலியில்லை, தாகம்.

நடவு வயலில் நிற்கும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தால் இன்னொரு செம்பு கேட்கும். குடித்த கையோடு வரப்புக்கு அந்தப் பக்கம் ஒதுங்க ஓடவேண்டும். ஒரு நடவுப் பொழுதில் ஏழெட்டுத் தடவை ஓடியிருக்கிறேன். வரிசையில் பக்கத்தில் நின்ற அலமேலு, என் கொழுந்தனாரின் மனைவி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“இன்னாக்கா, வரப்பு பூராவும் நீயே பட்டா வாங்கிக்கினியா?”

வயல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. அந்த வரிசையில் என் கைவேகத்துக்கு ஈடு கிடையாது. சிரிக்காமல் என்ன செய்வேன்?

ஆந்திரா தனி ராஜ்யமாகி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் வரதய்யபாளையத்துக்குப் பக்கம். அன்றைக்கு அது மதராஸ் ராஜ்யம், பொன்னேரி தாலுகா.

நான் இரண்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாளாகிறது. அவசரமும் இல்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒருத்திக்கு நான் பட்ட அதே நோய் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் அவளுக்குச் சுண்ணாம்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இத்தனை காலம் கழித்தும் அதே தப்பு. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ இப்படி இருந்தால், என்னைப்போல் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

தாகத்துக்குப் பிறகு மலச்சிக்கல் வந்தது. சோறு பிடிக்காமல் போனது. அப்புறம் குதிகாலில் தொடங்கி, முழங்கால், இடுப்பு, விலா என்று எலும்பு எலும்பாக வலித்தது. சதை வலி தேய்த்தால் கேட்கும். இது உள்ளே பல்வலி மாதிரி நின்றுகொண்டே இருக்கும். இரண்டு கடைவாய்ப் பற்கள் தானாக ஆடி விழுந்தன.

ஒருநாள் துணி உலர்த்தப் போனேன். கொடிக்கயிறு கைக்கு எட்டவில்லை. நானே கட்டிய கொடி அது.

“எவ இத்த ஒசத்திக் கட்டினது?” என்று கத்தினேன்.

“யாரும் தொடலக்கா. நீதான் எறங்கிக்கினு வர்ற” என்றாள் அலமேலு. அவள் வழக்கமான கிண்டலில்தான் சொன்னாள். அது அப்படியே உண்மை என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முதுகெலும்பு அமுங்கி நான் குள்ளமாகிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் பொன்னேரிப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துப் பேசினார். “எலும்புல சுண்ணாம்பு கொறைஞ்சுபோச்சு. பொம்பளைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான்” என்றார். கால்சியம் (எலும்புக்கும் பல்லுக்கும் வலுத் தரும் சுண்ணாம்புச் சத்து) ஊசி போட்டார். வைட்டமின் டி (வெயில் பட்டால் தோலில் உண்டாகும் சத்து; சாப்பாட்டில் இருக்கும் சுண்ணாம்பைக் குடல் இழுத்துக்கொள்ள உதவுவது) சொட்டு மருந்தும் கொடுத்தார்.

எனக்குத் தாகம் எடுக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயெடுத்தேன். “வெயிலும்மா, எல்லாருக்கும்தான் தாகம்” என்று சீட்டை நீட்டிவிட்டார்.

சுண்ணாம்புதான் குறை என்று தெரிந்ததும் நான் சும்மா இருப்பேனா? எங்கள் பக்கத்தில் எலும்பு வலிக்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. பழவேற்காட்டு ஏரிக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கிற தெளிநீரை மட்டும் மோரில் கலந்து குடிப்போம். மற்றவர்கள் ஒரு கரண்டி குடித்தால் நான் அரைச் செம்பு குடித்தேன். கேழ்வரகுக் கூழ், பால், அதன்மேல் இது. எதிலும் நான் ஒரு படி மேலே செய்கிறவள், நோய்க்கு மருந்து குடிப்பதிலும்.

குடிக்கக் குடிக்க எலும்பு இன்னும் வலித்தது. ஒரு மத்தியானம் விலாவுக்குக் கீழே யாரோ கொக்கி போட்டு இழுத்த மாதிரி ஒரு வலி வந்து, மண்ணில் புரண்டேன். சிறுநீரில் இரத்தம் போனது. சிறுநீரகத்தில் கல். அதற்குத் தனியாக ஒரு மருந்து கொடுத்தார்கள். எலும்புக்கு ஒரு மருந்து, கல்லுக்கு ஒரு மருந்து, மலச்சிக்கலுக்கு ஒரு பேதி மருந்து. மூன்றும் ஒரே வீட்டுத் தகராறு என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

என் தம்பி துரைசாமி நாயுடுபேட்டையில் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருந்தான். அது நெல்லூர் ஜில்லா, ஆந்திரா. பொங்கலுக்கு வந்தவன் என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இன்னாக்கா இது, ஆயா மாதிரி ஆயிட்ட. மாமா, திருப்பதில ஆஸ்பத்திரி கீது. எக்ஸ்ரே எடுக்கறாங்க. நான் இட்டுகினு போறேன்.”

“திருப்பதிக்கு வாணாம்” என்றார் என் வீட்டுக்காரர்.

இதை நான் விளக்கித்தான் ஆகவேண்டும். இல்லையென்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆந்திரா பிரிந்ததிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்கள் எந்த ராஜ்யம் என்று தகராறு. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் தெலுங்கு. சண்டை போடும்போது எல்லா வீட்டிலும் இரண்டும். ஊர் மதராஸோடுதான் இருக்கவேண்டும் என்று ஒரு கட்சி. ஆந்திராவில் சேரவேண்டும் என்று ஒரு கட்சி. முதல் கட்சிக்கு என் வீட்டுக்காரர் தலைவர். மகஜர் எழுதுவது, வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவது, கூட்டம் போடுவது, இதுதான் அவர் வேலை. உழவு அலமேலுவின் புருஷன் தலையில்.

எல்லை விசாரிக்க வருகிற அதிகாரி, உங்கள் ஜனம் சந்தைக்கு எங்கே போகிறது, வைத்தியத்துக்கு எங்கே போகிறது என்று கேட்பார் என யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்தார்கள். நம் கட்சி ஜனம் ஆந்திராவில் இருக்கிற காளத்திச் சந்தைக்குப் போகக்கூடாது. ஆந்திரா ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கக்கூடாது. வாங்கினால் எதிர்க்கட்சிக்கு அது சாட்சி ஆகிவிடும். திருமலைக்குச் சாமி கும்பிட மட்டும் போகலாம். ஏனென்றால் அந்தச் சாமி எங்கள் சாமியும்தான் என்று மகஜரில் எழுதியிருந்தது.

“ஊருக்குத் தீர்மானம் போட்டவன் பொண்டாட்டியே திருப்பதில சீட்டு வாங்கினான்னு எழுதி வெப்பானுங்க. மதராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். இந்த மகஜர் வேல முடியட்டும்” என்றார்.

“அத்தினி நாளு எலும்பு தாங்கணுமே, மாமா.”

“எலும்புதான, எங்க ஓடிப்போவுது?”

எலும்பு ஓடித்தான் போய்க்கொண்டிருந்தது. சிறுநீரில் கரைந்து தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

தம்பி என்னைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டான். “அக்கா, மொட்ட போடறன்னு வேண்டிக்கினேன்னு சொல்லு. சாமிக்குப் போறதுக்குத் தட இல்லியே. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, வர்றப்ப தலைய மழிச்சிக்கினு வந்துடு. யாருக்குத் தெரியும்?”

நல்ல யோசனைதான். நான் கேட்கவில்லை. “நான் இன்னா திருடியா? பொய் சொல்லிக்கினு வைத்தியத்துக்குப் போறதா? அவுரே இட்டுகினு போவட்டும்” என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதியை நான் என் மேல் வைத்திருப்பது இதற்காகத்தான். முடி போனால் முளைக்கும். என் ரோஷத்துக்காக ஒரு காலைப் பணயம் வைத்தேன்.

நான்கு மாதம் கழித்துத் தொடை முறிந்தது.

விழவில்லை. அடிபடவில்லை. குடத்தை இறக்கிவைத்துவிட்டு இடதுபக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அது எனக்குள்ளிருந்து வந்தது என்று புரிவதற்குள் கீழே கிடந்தேன்.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, வைக்கோல் போட்டு, மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அலமேலு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள். வரதய்யபாளையம் கூட்டுரோட்டில் வண்டி நின்றது. ஒரு பக்கம் போனால் தடா, அங்கிருந்து மதராஸ். மறுபக்கம் காளத்தி, அங்கிருந்து திருப்பதி. காளத்திப் பக்கம் போகிற வேன் ஒன்று டீக்கடை முன்னால் கிளம்பத் தயாராக நின்றது. மதராஸ் பக்கம் வண்டி எப்போது வரும் என்று டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை.

“கொஞ்சம் பொறு. தடா வண்டி வந்துடும்” என்றார் அவர்.

எத்தனை நேரம் பொறுத்தேன் என்று தெரியவில்லை. வெயில் என் வயிற்றிலிருந்து முகத்துக்கு வந்திருந்தது. டீக்கடையில் இருந்த எதிர்க்கட்சி ஆள்கள் இரண்டுபேர் எங்களையே பார்த்தார்கள். அவரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்குள் ஏதோ தீர்ந்துபோனது. தலையைத் தூக்கி, அந்த டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“என்னிய அந்த வேன்ல தூக்கிப் போடுங்க. நான் திருப்பதிக்குப் போறேன். மொட்ட போட இல்ல, வைத்தியத்துக்கு. எழுதிக்கிறவன் எழுதிக்கோ!”

அவர் வண்டியிலிருந்து இறங்கினார். கூட வருவதற்கு என்றுதான் நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரமாகப் போய் நின்றுவிட்டார். தீர்மானத்தை அவர் மீறவில்லை.

ஏறினவள் அலமேலு. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கட்டின சேலையோடு ஏறி, என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சாலையோரம் நின்ற தன் மூத்தாரை, என் வீட்டுக்காரரை, பார்க்காமலே டிரைவரிடம், “பள்ளம் பாத்து ஓட்டுண்ணா. இவுங்க ஒடம்புல எலும்பு கொஞ்சம்தான் மிச்சம்” என்றாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் ஊர்ப்பெயரைக் கேட்டார். சொன்னேன். “அது ஏ ராஷ்ட்ரம்?” என்றார், எந்த ராஜ்யம் என்று.

“அதத்தான்யா இத்தினி வருசமா பேசிக்கினு கீறாங்க. அவுங்க முடிவு பண்றவரைக்கும் என் காலு காத்துக்கினு இருக்காது. நீ எழுது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

அங்கிருந்த டாக்டர் தெலுங்குக்காரர். வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். தொடையை விட்டுவிட்டு, என் கைவிரல்களை ஏன் படம் எடுக்கச் சொன்னார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விரல் எலும்புகளின் ஓரம் செல்லரித்த ஓலை மாதிரி இருந்தது. தொடை எலும்பில், முறிந்த இடத்தில், ஒரு பொந்து.

என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார், அலமேலுவைப் பார்த்து இல்லை.

“அம்மா, ஃபர்ஸ்ட்டு வந்தது நொப்பியா (வலியா), தாகமா?”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த நல்ல மனுஷர் மேலேயே எரிந்து விழுந்தேன். “இத்தினி வருசத்துல இத்த ஒருத்தனும் கேக்கல சார்!”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கல் வந்ததா, மலச்சிக்கலா, மனசு சோர்ந்துபோகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம். என்ன மருந்து சாப்பிட்டேன் என்று கேட்டபோது ஊசியைச் சொன்னேன், சொட்டு மருந்தைச் சொன்னேன், அரைச் செம்புத் தெளிநீரைச் சொன்னேன்.

“சுண்ணமா? எவரு சொன்னாரு?” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “நெருப்புக்கு நெய் போட்டிருக்காரும்மா.”

“பாதி நெய் நானே ஊத்திக்கினது” என்றேன்.

இரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள். கால்சியம் குறைந்திருக்கும் என்று என்னை வருஷக்கணக்கில் நம்பவைத்தார்களே, என் இரத்தத்தில் அது இருக்கவேண்டியதைவிட மிக அதிகமாக இருந்தது. எலும்பு காலி, இரத்தம் ரொம்பி வழிகிறது.

அவர் விளக்கியதை, பிற்பாடு வேறு டாக்டர்கள் சொன்னதையும் சேர்த்து, எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

கால்சியம் எலும்புக்கு மட்டும் வேண்டியது இல்லை. இதயம் துடிக்க, சதை சுருங்க, நரம்பு வேலை செய்ய எல்லாவற்றுக்கும் இரத்தத்தில் அது ஓர் அளவில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எலும்பு ஏரி என்றால் இரத்தம் வாய்க்கால். வாய்க்காலில் மட்டம் குறைந்தால் ஏரி மதகைக் கொஞ்சம் திறக்கவேண்டும். மட்டம் ஏறினால் மூடவேண்டும்.

அந்த மதகுக்காரன் கழுத்தில் இருக்கிறான். தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் உளுந்துப் பருப்பு அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை ஒரு ஹார்மோனை (சுரப்பி இரத்தத்தில் விடும் நீர், தூரத்தில் இருக்கும் உறுப்புக்கு உத்தரவு கொண்டுபோவது) விடும். அந்த உத்தரவு மூன்று இடத்துக்குப் போகும். எலும்புக்கு, கொஞ்சம் கரைத்துவிடு என்று. சிறுநீரகத்துக்கு, கால்சியத்தை வீணாக வெளியே விடாதே, வைட்டமின் டியைத் தட்டி எழுப்பு என்று. எழுந்த வைட்டமின் டி மூலமாகக் குடலுக்கு, சாப்பாட்டிலிருந்து கூடுதலாக இழு என்று. மட்டம் சரியானதும் சுரப்பி வாயை மூடிக்கொள்ளும்.

என் கழுத்தில் நான்கில் ஒன்று கட்டியாகிப் பைத்தியம் பிடித்துப்போனது. வாய்க்கால் கரை புரண்டாலும் திற, திற என்று கத்திக்கொண்டே இருந்தது. எலும்பு கரைந்தது. மிஞ்சின சுண்ணாம்பு சிறுநீரகத்தில் கல்லாகக் கட்டியது. மீதி சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போனது. அதனால்தான் தாகம். நான் குடித்த தெளிநீரும், போட்ட ஊசியும் வழிகிற வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் விட்டன. ஒரு சொட்டுக்கூட ஏரிக்குத் திரும்பவில்லை.

எலும்புக்குள் இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. ஒன்று பழைய எலும்பை இடிக்கும், இன்னொன்று புதிதாகக் கட்டும். இதில் ஒரு சங்கதியைப் பின்னாளில் ஒரு டாக்டரம்மா சொன்னார். அந்த ஹார்மோன் இடிக்கிறவனிடம் நேராகப் பேசுவதில்லையாம். கட்டுகிறவனிடம்தான் சொல்லுமாம். கட்டுகிறவன் போய் இடிக்கிறவனைக் கூட்டிவந்து வேலையில் விடுவானாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் எலும்பைக் கட்டவேண்டியவனைக் கொண்டே அதை இடிக்க ஆள் பிடித்திருக்கிறது.

திருப்பதியில் காலில் மணல்மூட்டையைத் தொங்கவிட்டு ஏழு வாரம் படுக்கப்போட்டார்கள். சுண்ணாம்பு, சொட்டு மருந்து எல்லாம் நின்றன. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். பிறகு கழுத்தில் அறுவை செய்யச் சித்தூருக்கு அனுப்பினார்கள். கழுத்துக் கட்டிகளில் கை பழகின சர்ஜன் ஒருவர் அங்கே இருந்தார்.

சித்தூரில் ஒப்புதல் காகிதத்தில் புருஷன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நாயுடுபேட்டையிலிருந்து வந்திருந்த தம்பி ஊருக்குத் தகவல் சொல்லி ஆள் அனுப்பினான். ஆள் தனியாகத் திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் மதராஸில் மந்திரியைப் பார்க்கக் கூட்டமாகப் போயிருக்கிறாராம், வந்ததும் வருவாராம்.

“காயிதத்த இப்பிடி குடு” என்று வாங்கி என் பெயரை நானே எழுதினேன். ஐந்து எழுத்து. கட்டைவிரல் மை வைக்க வந்த நர்ஸ் டப்பாவை மூடிக்கொண்டு போனாள். கீழே தம்பியும் கையெழுத்துப் போட்டான். சர்ஜன் இரண்டையும் பார்த்துவிட்டு, “போதும்” என்றார்.

எடுத்த கட்டியைக் கண்ணாடிப் புட்டியில் காட்டினார்கள். ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான், செம்பழுப்பு நிறம். என் உயரத்தில் மூன்று விரற்கடையைத் தின்றது அதுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கழுத்துத் தையல் வலித்ததால் சிரிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. விரல்கள் தானாக ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பிக்கொண்டன. பிரிக்க முடியவில்லை. பயந்துபோனேன். டாக்டர்கள் எதிர்பார்த்ததுதான். மதகு மூடியதும், வருஷக்கணக்கில் பட்டினி கிடந்த எலும்பு இரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்பை எல்லாம் வாரி வாரி உள்ளே இழுக்கும். மற்ற மூன்று சுரப்பிகளும் தூங்கிப் பழகினவை, எழுந்திருக்க நாளாகும். அதுவரை இரத்தத்தில் சுண்ணாம்பு இருக்காது. இப்போதுதான் நிஜமாகவே குறை.

நரம்பில் கால்சியம் மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு சூடு இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அலமேலு தலையில் கைவைத்தாள். “அங்க சுண்ணாம்பு வெசம்னாங்க, இங்க ஊசில ஏத்துறாங்க. இவுங்களும் எல்ல தகராறுல கீறாங்களா, டாக்டரு?”

சர்ஜன் சிரித்தார். நானும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதன்பிறகு பாலும் கேழ்வரகும் சுண்ணாம்பு மாத்திரையுமாக எனக்கு விருந்துதான். வலி எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு காலை எழுந்தபோது, எதையோ மறந்துவிட்டேன் என்று தோன்றியது. யோசித்தால், வலிக்கவில்லை.

அந்த வாரம்தான் என் வீட்டுக்காரர் வந்தார். முகத்தில் ஒரு வாரத் தாடி. கட்டில் ஓரம் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்காக அழுகிறார் என்று நான் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நினைத்தேன்.

“போயிட்ச்சு. நம்ம ஊரு ஆந்திராவுக்குப் போயிட்ச்சு. முடிவாயிட்ச்சாம்.”

எல்லை விசாரிக்க எங்கள் ஊருக்கு அதிகாரி வந்ததைப் பிற்பாடு அலமேலுவின் புருஷன் சொன்னார். புளியமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தாராம். மோர் குடித்தாராம். வைத்தியத்துக்கு எங்கே போகிறீர்கள் என்று யாரையும் கேட்கவில்லையாம்.

“என் காலு ரெண்டு வெரக்கட கொறைஞ்சி போயிட்ச்சு” என்றேன். “இதுக்கு எந்த ராஜ்யத்துல மகஜர் குடுக்கப்போற?”

அதுவரை நான் அவரை அப்படி ஏகவசனத்தில் பேசினதில்லை. அவர் தலை நிமிர்ந்தது.

“ஊருக்கோசரம்தான செஞ்சேன்.”

“நான் எந்த ஊரு?”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருஷம் அதன்பிறகு சேர்ந்து வாழ்ந்தோம். சோறு போட்டேன், வெந்நீர் வைத்தேன், பேசவேண்டியதைப் பேசினேன். வயதான காலத்தில் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டபோது திருப்பதிக்கே கூட்டிப்போனேன். அதே ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிறவர் ஊரைக் கேட்டார். ஊர், தாலுகா, ஜில்லா, ராஜ்யம் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் தெலுங்கிலேயே சரளமாகச் சொன்னார். எனக்கு அந்தக் கவுண்டரை உடைக்கவேண்டும்போல இருந்தது. தடியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

மன்னித்தாயா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நோய்க்கு யாரும் காரணமில்லை, அதை மன்னித்துவிட்டேன். தாமதத்தை மன்னிக்கவில்லை. நோய் வரும், அது உடம்பின் சுபாவம். வந்த பிறகு காத்திருக்கச் சொல்வது மனுஷர் செய்கிற வேலை.

ஆகவே சொல்கிறேன். எலும்பு வலியோடு தாகம் இருந்தால், கல் இருந்தால், மலச்சிக்கலும் மனச்சோர்வும் சேர்ந்து இருந்தால், சுண்ணாம்பு மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் உங்கள் புருஷனைப் பார்த்துப் பேசினால், “வலி எனக்கு, என்னைப் பார்த்துப் பேசு” என்று சொல்லுங்கள். வாய் இருக்கிறவரைக்கும் சொல்லுங்கள்.

போன வருஷம் இடுப்பைப் படம் எடுக்கத் திருப்பதிக்குப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா, திருச்சானூர்ப் பெண். எலும்பு இந்த வயதுக்கு நன்றாக இருக்கிறது என்றார். “எலும்பு கல்லு மாதிரி அப்பிடியே இருக்கறதில்லம்மா. தெனமும் கொஞ்சம் இடிஞ்சி கொஞ்சம் கட்டிக்கும். உங்களுக்கு ஆபரேஷன் ஆன காலத்துல இருந்த எலும்பு இப்ப ஒங்ககிட்ட இல்ல. எல்லாம் புதுசு.”

அப்படியானால் அந்த வருஷங்களில் வலித்த எலும்பில் ஒரு துண்டும் இப்போது என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரர் எலும்பையும் ஆற்றில் கரைத்தாகிவிட்டது. நான் சுமந்துகொண்டிருந்த காலம் எனக்குத் தெரியாமலேயே என் உடம்பைவிட்டுப் போய்விட்டிருக்கிறது.

“புதுசா வர்றதுன்னா, இந்த எடது காலு ஏம்மா இன்னும் குட்டையாவே கீது?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “ஒட்டின அளவுலயேதாம்மா புதுசும் வரும். அது நீளத்த மாத்தாது.”

வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தேன். இந்த நிமிஷமும் அதற்குள் வேலை நடந்துகொண்டிருக்கிறது. யாரோ இடிக்கிறார்கள், யாரோ கட்டுகிறார்கள். ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு புதுக்கால் கிடைக்கிறது, ஒவ்வொரு நாளும் அதே இரண்டு விரற்கடை குறைவாக. அதன் மேல்தான் எழுந்து நிற்கிறேன்.